அம்பாசடர்: மூலமும் இடைச்செருகலும்

லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணற்று வண்டிகளில் திருச்செங்கோடும் பெயர்பெற்றவை. இன்ஜினோடு வாழும் இச்சமவெளியில் கழற்றி எறியப்பட்ட ஓர் இன்ஜினுக்கும் வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி வங்கத்து உத்தர்பாராவில் உருவான அம்பாசடருக்கு, 1959-இல் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் வாய்த்தது. பின்னாளில் டீசல் மலிவாக இருந்ததால், பலர் அதை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினர். அதைக் குற்றமென்பதற்கில்லை, வாடகை வண்டிக்காரரின் வயிற்றுப்பாடு அது. நிறுவனமே 1980-இல் டீசல் அம்பாசடரைக் கொண்டுவந்தது. 2014-இல் உற்பத்தி நின்றது. இறக்கிய இன்ஜின்கள் கொட்டகை மூலைக்கும் காயலான் கடைக்கும் போயின.

இடைச்செருகலை விலக்கி மூலபாடம் காணும் சுவடிப் பதிப்பு நமக்குப் புதிதன்று. பழைய இன்ஜினை மீட்பதும் அவ்வாறே. இரண்டிலும் அவசரம் ஆகாது. நெடுநாள் கிடந்த இன்ஜினில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருக்கும். வலிந்து சுழற்றினால் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து, முன்புறக் கைப்பிடியால் மெல்ல அசைக்க வேண்டும். பின்பு பெட்ரோல் தொட்டியின் துருவையும் கார்புரேட்டரின் பிசினையும் நீக்கி, பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்தால், 1, 3, 4, 2 என்ற வரிசையில் சிலிண்டர்கள் மீண்டும் பற்றிக்கொள்ளும்.

வாசிக்கத் தெரிந்தவர் இல்லையேல் சுவடி வெறும் ஓலை. ஓசை கேட்டே பழுது சொல்லும் முதிய மெக்கானிக்குகள் அருகிவருகின்றனர். அவர்தம் கையறிவு எந்த ஏட்டிலும் இல்லை. இன்ஜினைத் தேடுமுன் அவர்கள் சொல்வதை எழுதிவைப்பதே நம் முதற்கடன்.