கரிய புள்ளியும் காந்தத் தட்டும்

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகேறுவோர், இறங்குதுறை நீரில் ஒரு வண்ணக் கோலத்தைக் காண்பதுண்டு. படகின் இயந்திரத்திலிருந்து சிந்திய எண்ணெய்த் துளி நீரின்மேற் பரந்து, செம்மை, பசுமை, நீலம் எனப் பல நிறங் காட்டும். அந்நிறங்கள் எண்ணெய்க்கும் உரியன அல்ல. நீருக்கும் உரியன அல்ல. எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பிற் பட்டு மீளும் ஒளியும், அதன் அடிப்பரப்பிற் பட்டு மீளும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அக்கலப்பிற் சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிந்துபோகின்றன. எந்நிறம் எஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது படலத்தின் தடிப்பே. ஆகவே அந்த நிறம் வெறும் அழகன்று. கைக்கு எட்டாத நுண்மையை அளக்க வல்ல ஓர் அளவுகோலுமாகும்.

இவ்வண்ணங்களை முதன்முதலில் ஆராய்ந்தோருள் றொபேட் ஹூக் ஒருவர். 1665ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், அப்பிரகத் தகடுகளிலே தோன்றும் நிறங்களை அவர் விவரித்தார். அவற்றை அளந்து காட்டியவர் ஐசாக் நியூட்டன். சிறிதே வளைந்த கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தியபோது, நடுவில் ஒரு கரிய புள்ளியும் அதனைச் சூழ வண்ண வளையங்களும் தோன்றின. வில்லைகளின் வளைவு தெரிந்தமையால், ஒவ்வொரு வளையத்தின் கீழும் உள்ள காற்றிடைவெளியை அவர் கணக்கிட்டார். முதலாவது கரிய வளையத்தின் கீழ் அது ஓர் அங்குலத்தின் 89,000இல் ஒரு பங்கென 1704ஆம் ஆண்டு நூலில் எழுதினார். ஒளி அலையாகப் பரவுகின்றது என்னும் கொள்கையை அவர் ஏற்றாரல்லர். எனினும் 1801இல் தோமஸ் யங் அக்கொள்கையை நிலைநாட்ட முற்பட்டபோது, ஒளியலையின் நீளத்தைக் கணிக்க நியூட்டனின் அளவுகளே அவருக்குக் கைகொடுத்தன.

சற்றேறக்குறைய 250 ஆண்டுகளின் பின், இந்த வளையங்களுக்கு எவரும் எதிர்பாராத ஒரு பணி வந்து வாய்த்தது. 1956இல் ஐபிஎம் நிறுவனம், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவாக்கிய காந்தத் தட்டுப் பொறியை உலகுக்கு அறிவித்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. எழுதவும் வாசிக்கவும் பயன்படும் முனை தட்டைத் தொடலாகாது. ஆதலால் அழுத்திய காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் 50இல் ஒரு பங்கு உயரத்தில் அதனை நிறுத்தினர். 1961இல் வந்த பொறியில், சுழலும் தட்டு இழுத்துச் செல்லும் காற்றே முனையைத் தாங்கிற்று. 1973இல் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்காகச் சுருங்கிற்று. இன்றைய வன்தட்டுகளிலோ அது சில நனோமீற்றர் மாத்திரமே. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் 10 இலட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நெருக்கம் எதன் பொருட்டு? முனை விலக விலகக் காந்தச் சமிக்ஞை விரைந்து நலிகிறது. எழுத்துகளை நெருக்கி எழுத வேண்டுமாயின் முனையும் நெருங்கியே தீரவேண்டும். ஆனால் தொட்டுவிட்டாலோ ஆபத்து. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் சிறு தட்டின் விளிம்பு, மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர் வேகத்தில் விரைகிறது. அந்த வேகத்தில் முனை உரசினால் காந்தப் பூச்சு சிதையும்; எழுதியவை அழியும்.

ஆகவே இடைவெளியை அளந்தறிதல் இன்றியமையாததாயிற்று. காந்தத் தட்டு ஒளியை ஊடுருவ விடாது. எனவே சோதனைக்கூடத்தில் அதற்குப் பதிலாக ஒரு கண்ணாடித் தட்டைச் சுழற்றி, அதனூடாக முனையின்மீது ஒளியைச் செலுத்துவர். கண்ணாடியின் அடிப்பரப்பிலிருந்து மீளும் ஒளியும், முனையிலிருந்து மீளும் ஒளியும் கலந்து, நியூட்டன் கண்ட அதே வரிகளைத் தருகின்றன. 1960இல் லேசர் பிறந்தது. 1962இல் ஹீலியம்-நியோன் லேசரின் செவ்வொளி கிடைத்தது. அதன் அலைநீளம் 632.8 நனோமீற்றர். ஒரு கரிய வரிக்கும் அடுத்த கரிய வரிக்கும் இடையே காற்றிடைவெளி அதில் பாதி, அதாவது 316.4 நனோமீற்றர் மாறுகிறது.

இடைவெளி அதனினும் குறுகியபோது எண்ணுவதற்கு வரிகளே இல்லாமற் போயின. எஞ்சியது ஒளியின் பிரகாசம் மட்டுமே. தொடுகையை நெருங்குந்தோறும் ஒளி தன் இருண்ட எல்லையை அடைகிறது. அவ்விடத்தில் இடைவெளி மாறினாலும் பிரகாசம் மாறுவது அரிது. நியூட்டனின் நடுப்புள்ளி கரியதாய் நின்றது போலவே, மிக நுட்பமாய் அளக்க வேண்டிய இடத்தில் அளவுகோல் ஊமையாகி விடுகிறது. இதற்குப் பொறியியலார் கண்ட வழிகள் பல. ஒரே இடத்தை மூன்று நிற ஒளிகளால் அளந்தனர். ஒரு நிறம் ஊமையாகும் உயரத்தில் மற்றொரு நிறம் பேசும். ஒளியைச் சாய்வாகச் செலுத்தி, அதன் அதிர்வுத் திசைகளிடையே தோன்றும் வேறுபாட்டை அளந்தனர். முனையின் பொருள் ஒளியைச் சிறிது உட்கொள்வதால் நேரும் பிழையையும் தனியே கணித்து நீக்கினர்.

இந்த நுட்பம் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படம்பிடித்துச் சேர்த்து வருகிறது. அத்தகைய தொகுப்புகளின் பெரும்பகுதியை இன்று உலகெங்கும் தாங்கி நிற்பவை காந்தத் தட்டுகளே.

ஆயினும் தட்டும் தேயும். முனையும் ஒருநாள் உரசும். பனையோலை நைந்துபோகுமுன் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தனர் முன்னோர். தட்டிலுள்ளதையும் வேறொரு தட்டில், வேறோர் ஊரில் படியெடுத்து வைத்தல் வேண்டும். இடைவெளியை அளக்க ஒளி உண்டு. படியெடுத்துக் காக்கும் கடமையோ மனிதருடையது.