மூன்றாம் பிரிவும் ஒரு டகோட்டாவும்

கம்போங் ராஜாவிலிருந்து லோஜிங் வழியாகக் குவா மூசாங்குக்கு இறங்கும் சாலையில் இன்று காய்கறி லாரிகள் ஓடுகின்றன. சாலை இல்லாத காலத்தில் அந்தக் காடுகளுக்கு ஆகாயம்தான் வழி. மலாயாவின் அவசரகாலத்தில், அதாவது 1948 முதல் 1960 வரை, காட்டுக்குள் இருந்த படைகளுக்கு அரிசியும் தோட்டாவும் பாராசூட்டில் இறங்கின. 1950 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் டகோட்டா ஒன்று கிளந்தான் காட்டில், கம்போங் ஜெனேரா பக்கம் விழுந்தது. கேஎன்630 என்பது அதன் எண். குண்டு வீச வேண்டிய இடத்தைப் புகை போட்டு அடையாளம் காட்டப் போன விமானம் அது. ஏறியிருந்த 12 பேரும் மாண்டார்கள். அவர்களுடைய எலும்புகளை 2008-ல்தான் மலேசிய ராணுவம் வெளியே கொண்டுவந்தது. 2012-ல் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் அடக்கம் நடந்தது.

அதே ஆண்டுகளில் மலாயன் ஏர்வேஸ் நிறுவனமும் டகோட்டாக்களை ஓட்டிக்கொண்டிருந்தது. இந்த மலைகளில் மேகம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடும். ஆனால் விழுந்த பிறகு யார் வருவார்கள், என்ன எழுதுவார்கள், எழுதியதை யார் படிக்கலாம் என்பதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் சில வரிகள் அந்த வேறுபாட்டை வகுத்தன. அவ்வரிகளை எடுத்துவைத்து உரை சொல்வதே இக்கட்டுரை. தமிழாக்கம் என்னுடையது.

"இந்த ஒப்பந்தம் குடிசார் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும், அரசு விமானங்களுக்குப் பொருந்தாது." (பிரிவு 3, அ)

கையெழுத்தான நாளை முதலில் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. லண்டன் மேல் ஜெர்மன் ராக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. வானத்தில் பறந்தவற்றில் பெரும்பாலானவை போர் விமானங்கள். அப்படிப்பட்ட ஒரு நேரத்தில் உட்கார்ந்து, அந்தப் பெரும்பான்மையை "பொருந்தாது" என்று வெளியே நிறுத்திவிட்டு மிச்சத்துக்குச் சட்டம் எழுதினார்கள். வேறு வழியும் இருந்திருக்காது. தன் குண்டுவீச்சு விமானம் ஏன் விழுந்தது என்று அயல்நாட்டானுக்குச் சொல்ல எந்த அரசு சம்மதிக்கும்?

"ராணுவ, சுங்க, காவல் பணிகளில் பயன்படும் விமானங்கள் அரசு விமானங்களாகக் கருதப்படும்." (பிரிவு 3, ஆ)

"பயன்படும்" என்பதில் முழுக் கனமும் இருக்கிறது. யார் செய்த விமானம், என்ன வகை, யார் ஏறியிருக்கிறார்கள் என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. என்ன வேலைக்குப் போகிறது என்று மட்டும் கேட்கிறது. பயணிகளுக்காக 1935-ல் பறந்த டிசி-3 விமானம்தான் போர்க்கால உடுப்பில் டகோட்டா ஆயிற்று. போர் முடிந்ததும் அதே விமானங்களில் பல, இருக்கை மாட்டிக்கொண்டு மறுபடி பயணிகளிடம் வந்தன. வேலை மாறியதும் சட்டமும் மாறிவிட்டது.

இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது. விமானத்துக்கு வகை உண்டு; இறந்தவனுக்கு இல்லை. 1944 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் லங்காஷயரில், பிரெக்கல்டன் என்ற கிராமத்தில், புயல் மழைக்குள் ஓர் அமெரிக்க லிபரேட்டர் விமானம் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 61 பேரில் 38 பேர் சின்னக் குழந்தைகள். ஒப்பந்தம் அப்போது இல்லை; இருந்திருந்தாலும் அந்தக் குழந்தைகள் "பொருந்தாது" என்ற சொல்லுக்கு அடியில்தான் கிடந்திருப்பார்கள்.

சரியாக ஓராண்டு கழித்து, 1945 ஆகஸ்ட் 23 அன்று, நெகிரி செம்பிலான் மலையில் இன்னொரு லிபரேட்டர் மோதியது. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள் ஆகியிருந்தது. இந்த விமானம் குண்டு வீச வரவில்லை. பொருட்கள் போட வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் 2012-ல்தான் செராஸ் சாலையில் முறையான அடக்கம் கிடைத்தது. போர்க்கால விபத்தா, போருக்குப் பிந்திய விபத்தா என்று வரலாற்று நூல்கள் கணக்குப் பார்க்கட்டும். மூன்றாம் பிரிவுக்கு அந்தக் கணக்கே வேண்டாம்.

ஒப்பந்தத்தின் 89-ஆம் பிரிவையும் போகிறபோக்கில் தொட்டுவிடலாம். போர் வந்தால் நாடுகளின் செயல் சுதந்திரத்தை இந்த ஒப்பந்தம் தடுக்காது என்கிறது; தேசிய அவசரநிலையை அறிவித்துத் தெரிவிக்கும் நாட்டுக்கும் அதே சலுகை. மலாயாவில் நடந்ததைப் போர் என்றால் லண்டன் காப்பீட்டுக்காரன் தோட்டத்து நஷ்டத்துக்குப் பணம் தரமாட்டான், அதனால்தான் துரைமார் "அவசரகாலம்" என்று பெயர் வைத்தார்கள் என்று பரவலாகச் சொல்வதுண்டு. சிகாகோவில் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். எந்தப் பெயர் வைத்தாலும் கதவு திறக்கும்படி எழுதியிருக்கிறார்கள்.

"விபத்து நடந்த நாடு விசாரணை நடத்தும்." (பிரிவு 26, சுருக்கம்)

குடிசார் பக்கத்துக்கு வருவோம். மற்றொரு நாட்டின் விமானம் உன் மண்ணில் விழுந்து உயிர்போனால் விசாரிப்பது உன் கடமை. விமானத்தின் சொந்த நாடு ஆளனுப்பி உடனிருக்கலாம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். நேற்றுவரை பேரரசின் கீழ் இருந்த ஒரு நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை 1953-ல் பார்க்கலாம். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கோமெட் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகும் வழியில், மே 2 அன்று கல்கத்தாவிலிருந்து மேலெழும்பிய சில நிமிடங்களில் புயலில் சிக்கி வானிலேயே உடைந்தது. 43 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் பெருமிதத்தின் உச்சியில் இருந்த விமானத்தை விசாரித்தது இந்தியா.

மறு ஆண்டு மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் நிறுவனமான பிஓஏசி-யின் கான்ஸ்டலேஷன் விமானம் ஓடுபாதையின் விளிம்புச் சுவரில் இடித்துத் தீப்பிடித்தது. 33 பேர் பலி. விசாரணையில் வெளிவந்த செய்தி, விமானி 20 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருந்து களைத்துப் போயிருந்தார் என்பது. தீயணைப்பு, மீட்புப் பணிகளின் குறைகளும் பதிவாயின. எல்லாம் அச்சில் வந்தன. நான்கு ஆண்டு முன்பு கிளந்தான் காட்டில் விழுந்த டகோட்டாவுக்கு இப்படிப் பொதுமக்கள் முன் உட்கார்ந்து கேட்க ஓர் ஆணையம் வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

"விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பது. பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது இதன் நோக்கமன்று." (இணைப்பு 13)

ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு 1951-ல் ஏற்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்டது. இன்றைய வடிவில் அதன் உயிர்நாடி இந்த வரிதான். இழவு வீட்டில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். "என் பிள்ளையைக் கொன்றது யார்?" என்று கேட்பவரிடம் "அது எங்கள் வேலையில்லை" என்கிறது ஒரு சட்டம்! இருந்தும் இந்த வரி இல்லாவிட்டால் நாம் இன்று துணிந்து விமானம் ஏற முடியாது என்பதே என் எண்ணம்.

கோமெட்டையே எடுத்துக்கொள்வோம். 1954 ஜனவரி 10 அன்று, இதுவும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட பயணம்தான், ரோமில் ஏறிய விமானம் எல்பா தீவருகே கடலில் விழுந்து 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் பக்கம் இன்னொன்று, 21 பேர். கடலடியிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்தார்கள். இங்கிலாந்தின் பார்ன்பரோவில் ஒரு முழுக் கோமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உலோகம் களைத்து, திறப்பொன்றின் மூலையில் விரிசல் விட்டு, உடல் பிளந்தது. யாரோ ஒரு பொறியாளரைத் தூக்கில் போட்டிருந்தால் இந்த விரிசல் தெரிந்திருக்குமா? அறிக்கை வெளியே வந்ததால் போட்டி நிறுவனங்களும் படித்தன. பிறகு வந்த ஜெட் விமானங்கள் எல்லாம் அந்த 56 பேருக்குக் கடன்பட்டவை.

பழிதேடும் விசாரணை எப்படிப் போகும் என்பதற்கு மியூனிக். 1958 பிப்ரவரி 6. நம்மூர்ப் பையன்கள் சட்டை போட்டுக்கொண்டு திரியும் மான்செஸ்டர் யுனைடெட் அணி ஏறிய விமானம். மொத்தம் 23 பேர் இறந்தார்கள், எட்டு ஆட்டக்காரர்கள் உட்பட. இறக்கையில் படிந்த பனியை அகற்றாதது விமானியின் குற்றம் என்றது ஜெர்மன் விசாரணை. விமானி ஜேம்ஸ் தெய்ன் வேலையை இழந்தார். ஓடுபாதையில் தேங்கிய பனிச்சேறே விமானத்தின் வேகத்தைப் பிடித்திழுத்தது என்று பிரிட்டிஷ் தரப்பு அவரை விடுவிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு மனிதனைப் பிடித்துவிட்டால் சேற்றைப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை.

"பறந்துகொண்டிருக்கும் குடிசார் விமானங்கள் மீது எந்நாடும் ஆயுதம் பயன்படுத்தக் கூடாது." (பிரிவு 3 பிஸ், சாரம்)

இந்த வரி 1944-ல் இல்லை. 1983 செப்டம்பரில் சோவியத் போர்விமானம் கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு 269 பேரைக் கொன்றபின், 1984 மே மாதம் சேர்க்கப்பட்டது. நடைமுறைக்கு வர 1998 ஆயிற்று. மூன்றாம் பிரிவு போட்ட கோட்டைக் கடந்து, ஆயுதத்தோடு குடிசார் விமானத்தைச் சந்திக்கும் முதல் வரி இது.

2014 ஜூலை 17-ஐ மலேசியாவில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கிழக்கு உக்ரைனில் போர். 32,000 அடிக்குக் கீழே பறக்கத் தடை; மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்17 பறந்ததோ 33,000 அடியில். சுட்டு வீழ்த்தப்பட்டதில் இறந்தவர்கள் 298 பேர். 26-ஆம் பிரிவின்படி விசாரிக்க வேண்டியது உக்ரைன்; அது அந்தப் பொறுப்பை நெதர்லாந்திடம் கொடுத்தது. டச்சுப் பாதுகாப்பு வாரியம் 2015 அக்டோபர் 13 அன்று வெளியிட்ட அறிக்கை இணைப்பு 13-க்கு அச்சு அசலாகக் கட்டுப்பட்டது: பக் ஏவுகணை என்றது; ஏவியவர் யார் என்று சொல்லவில்லை. மாறாக, முன்னெச்சரிக்கையாக வான்வெளியை மூட உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது என்றது. அன்று வான்வெளி மூடப்படும் வரை 160 விமானங்கள் அவ்வழியே போயிருந்தன என்ற கணக்கையும் கொடுத்தது. தடுப்பது மட்டுமே நோக்கம் என்ற வரிக்கு இதைவிட நேர்மையான உரை கிடையாது. ஆனால் எனக்கு இங்கேதான் அந்த வரி போதவில்லை. உலோகக் களைப்புக்கும் பனிச்சேற்றுக்கும் எழுதிய வாக்கியம் அது. ஏவுகணைப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு விரல் இருக்கிறது.

விரலைத் தேட வேறு விசாரணை, வேறு நீதிமன்றம் வேண்டியிருந்தது. 2022 நவம்பர் 17 அன்று டச்சு நீதிமன்றம் மூவரை, அவர்கள் வராத நிலையிலேயே, குற்றவாளிகள் என்று தீர்த்தது; ஒருவரை விடுவித்தது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றம் 2025 மே மாதம், ரஷ்யா தன் ஒப்பந்தக் கடமையை மீறியது என முடிவெடுத்தது. உறுப்பு நாடுகளுக்கிடையிலான தகராறில் அந்த மன்றம் சாரத்துக்குள் புகுந்து தீர்ப்புச் சொன்னது அதுவே முதல்முறை. அங்கே வழக்குத் தொடுத்தவை ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும். விமானம் மலேசியாவினுடையது, வழக்காடிய நாடுகளின் வரிசையில் மலேசியா இல்லை.