பார்க்கில் கல்யாணம் பண்ணலாமா? பர்மிஷன் யார்கிட்ட வாங்கணும்? செல்லுமா, செல்லாதா?

கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிறதுக்குள்ள பெண்ணைப் பெத்தவங்களுக்கு நாக்குத் தள்ளிடுது. மண்டப வாடகை, கரண்ட் பில், ஜெனரேட்டர், கிளீனிங் சார்ஜ், சமையல்காரர் அட்வான்ஸ்னு நீளும் பட்டியலைப் பார்த்து, வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் பண்ணிட்டு பத்து வருஷம் கடன் கட்டுற குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கு.

அதனால, "நாலு பேர் சாட்சியா வெச்சு, நம்ம ஏரியா பார்க்குல மாலை மாத்திக்கிட்டா என்ன?" என்று இப்போ பல ஜோடிகள் யோசிக்கிறாங்க. பண்ணலாம். ஆனா அதில் ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று, இடத்துக்கு அனுமதி. இன்னொன்று, கல்யாணம் சட்டப்படி செல்லணும். இடத்துக்கு மட்டும் ஓடி ஓடி அனுமதி வாங்கிட்டு, ரெண்டாவதை மறந்தவங்கதான் பின்னாடி கோர்ட் படி ஏறுறாங்க.

முதல்ல பார்க் யாருடையது?

பார்க் எல்லாம் ஒரே ஆபீஸ் கையில் இல்லை. தெருப் பக்கத்துப் பூங்கா பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியுடையது. சென்னை கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா மாதிரி பெரிய பூங்காக்கள் தோட்டக்கலைத் துறை வசம். சில காலனிகளில் குடியிருப்போர் சங்கம் பராமரிப்பு மட்டும் பார்க்கும், இடம் அவங்களுடையது இல்லை. வாசலில் இருக்கும் போர்டைப் படிச்சாலே யாருடையதுனு தெரிஞ்சுடும்.

வாட்ச்மேன் "சரி"ன்னு தலையாட்டினா அது அனுமதி ஆகாது. சங்கத் தலைவர் வாயால் சொன்னாலும் ஆகாது. பூங்கா, விளையாட்டு மைதானம், திறந்தவெளி இதையெல்லாம் பாதுகாக்க தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் போட்டாச்சு. பூங்கா பொதுமக்கள் உட்காரவும் நடக்கவும் குழந்தைகள் விளையாடவும் உள்ள இடம். அதை ஒரு குடும்பத்துக்கு ஒதுக்குவதா வேண்டாமா என்பது அதிகாரி முடிவு. 'மாட்டோம்'னு சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

மனுவில் என்ன எழுதணும்?

மாநகராட்சி பூங்கா என்றால் மண்டல அலுவலகத்திலும், நகராட்சி என்றால் ஆணையர் பெயருக்கும் மனு கொடுக்கணும். வெள்ளைத் தாளில் தெளிவா எழுதினாலே போதும். மனுவில் இருக்க வேண்டியவை:

* பூங்காவின் பெயர், வார்டு எண்
* தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை
* எத்தனை பேர் வருவாங்க
* பந்தல், நாற்காலி, மைக் உண்டா இல்லையா
* சாப்பாடு உண்டா, குப்பையை யார் அள்ளுவாங்க
* மணமகன், மணமகள் பெயர், வயது, முகவரி, போன் நம்பர்

கூடவே ரெண்டு பேரின் வயதுச் சான்று நகலையும் வைங்க. மனு கொடுத்ததும் நகலில் சீல் போட்டு வாங்கிக்கணும். கட்டணம், டெபாசிட் எல்லாம் ஊருக்கு ஊர், பூங்காவுக்குப் பூங்கா மாறும். எவ்வளவா இருந்தாலும் ரசீது இல்லாம பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. அந்த ரசீது பின்னாடி கல்யாணம் நடந்ததுக்கே ஒரு சாட்சி ஆகும்.

மைக் செட் வேணும்னா அது தனி அனுமதி. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இதுக்கு உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனைப் பார்க்கணும். திறந்தவெளியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல்தான். சின்னக் கல்யாணத்துக்கு மைக்கே தேவையில்லை, வேலையில் பாதி மிச்சம்.

சாப்பாடு போட்டா வாழை இலை, பாக்கு மட்டை தட்டு வைங்க. பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூச்சு போட்ட தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

ஐயர் இல்லாம கல்யாணம் செல்லுமா?

செல்லும். 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம்னு சொல்வாங்க. ஆனா இப்படி நடந்த திருமணம் செல்லாதுனு 1953-ல் சென்னை ஐகோர்ட் சொல்லிடுச்சு. அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில் அது சட்டமாச்சு. அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும்னு ஆச்சு.

7-ஏ படி உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், கீழே உள்ளதில் ஏதாவது ஒன்று நடந்தா போதும்.

* இவரைக் கணவராக / மனைவியாக ஏற்கிறேன்னு ரெண்டு பேரும் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்வது
* மாலை மாத்திக்கிறது, அல்லது விரலில் மோதிரம் போடுவது
* தாலி கட்டுவது

மந்திரம், அக்னி, ஏழு அடி எதுவும் கட்டாயம் இல்லை. மண்டபமும் கட்டாயம் இல்லை.

இதனால் ஒரு பெண்ணுக்கு நியாயம் கிடைச்ச கதையும் உண்டு. முதல் மனைவி இருக்கும்போதே ஒருத்தர் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார். வழக்கு வந்ததும், "சப்தபதி நடக்கலை, அதனால அது கல்யாணமே இல்லை, நான் ரெண்டாம் தாரம் கட்டலை" என்று வாதாடினார். 7-ஏ படி தாலி கட்டினாலே கல்யாணம்தான்னு 2001-ல் சுப்ரீம் கோர்ட் அடிச்சுச் சொன்னது குறிப்பிடத்தக்கது.

வீட்டை எதிர்த்துக் கட்டுறவங்களுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கு. வக்கீல் ஆபீஸில் ரகசியமா நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாதுனு சென்னை ஐகோர்ட் 2014-ல் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கலை. உயிருக்குப் பயந்து கல்யாணம் பண்ற ஜோடியை ஊரைக் கூட்டி அறிவிக்கச் சொல்ல முடியாதுனு சொல்லிடுச்சு. ஆக, நாலே பேர் இருந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான்.

மற்ற மதத்தினர்?

7-ஏ இந்துக்களுக்கு மட்டும். சட்டத்தின் கணக்கில் பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் வருவாங்க. மாப்பிள்ளை ஒரு மதம், பொண்ணு ஒரு மதம் என்றால் 1954-ம் வருஷ சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. ரெண்டு பேரில் ஒருத்தராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கணும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்கணும். நோட்டீஸ் கொடுத்த 3 மாசத்துக்குள் கல்யாணத்தை முடிக்கணும். 3 சாட்சிகள் வேணும். கூடுதல் கட்டணம் கட்டினா, பதிவு ஆபீஸுக்குப் பக்கத்தில் நீங்க கேட்கும் இடத்திலும் கல்யாணத்தை நடத்த இந்தச் சட்டம் இடம் தருது. பார்க் ஆசை இருக்கிறவங்க அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்க.

முஸ்லிம் குடும்பங்களில் நிக்காஹ் இந்த இடத்தில்தான் நடக்கணும்னு இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 1872-ம் வருஷச் சட்டம். உரிமை பெற்ற போதகரோ திருமணப் பதிவாளரோதான் நடத்தி வைக்கணும்.

பதிவு பண்ணாம விடாதீங்க!

2009-ல் வந்த தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதமா இருந்தாலும் பதிவு கட்டாயம். கல்யாணம் ஆன 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு பண்ணணும். விட்டா இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு, கட்டணம் கூடும். சட்டம் வந்தப்போ வைத்த கட்டணம் 100 ரூபாய், தாமதமானா 150. இன்றைய தொகையை ஆபீஸிலேயே கேட்டுக்குங்க. பதிவுத் துறை இணையதளத்தில் விவரங்களை முதல்லயே ஏத்திட்டுப் போனா அலைச்சல் குறையும்.

வயதுச் சான்று, முகவரிச் சான்று, கல்யாண போட்டோ, பத்திரிகை, சாட்சிகளின் அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கணும். பார்க் கல்யாணத்துக்கு மண்டப ரசீது இருக்காது என்பதால், பத்து பத்திரிகையாவது அடிச்சு வைங்க. மாலை மாத்தும்போது சாட்சிகள் முகம் தெரியற மாதிரி போட்டோ எடுங்க. அனுமதிக் கடிதத்தையும் பத்திரமா வைங்க.

பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், கம்பெனி பி.எஃப். பணம், விபத்து இழப்பீடு, விதவை உதவித்தொகை, சொத்தில் பங்கு... இதில் எதுக்குப் போய் நின்னாலும் கேட்கிற முதல் கேள்வி, "நீங்க மனைவிங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்பதுதான். லட்ச ரூபாய் மண்டபத்தில் கட்டினவங்களுக்கும் இதே கேள்விதான். சர்டிபிகேட் உள்ளவங்களுக்கு மட்டும்தான் அதுக்குச் சட்டுனு பதில் இருக்கு.

வயசு விஷயத்தில் விளையாடாதீங்க

பொண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 முடிஞ்சிருக்கணும். ஒரு நாள் குறைஞ்சாலும் 2006-ம் வருஷக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பாயும். நடத்தி வைக்கிறவங்களுக்கும் 2 வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா 1098-க்கு போன் பண்ணலாம்.

பார்க் கிடைக்கலைன்னா?

மனம் தளர வேண்டாம். மாநகராட்சி, நகராட்சிகளின் சமுதாய நலக்கூடங்கள் தனியார் மண்டபத்தைவிட ரொம்பக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். கோயிலில் தாலி கட்டி ரசீது வாங்குவது இன்னொரு வழி. வீட்டு மொட்டை மாடியில் மாலை மாத்திக்கிட்டாலும் 7-ஏ படி செல்லும், அதுக்கு எந்த ஆபீஸிலும் இட அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எங்கே கட்டினாலும் சரி, மாலை வாடுறதுக்குள்ள சார்பதிவாளர் ஆபீஸ் படி ஏறிடுங்க!