தி குக்கிங் ஸ்கூல் மர்டர்ஸ்

தி குக்கிங் ஸ்கூல் மர்டர்ஸ், அமெரிக்க எழுத்தாளர் வர்ஜீனியா ரிச் (1914–1985) எழுதி 1982இல் வெளிவந்த துப்பறியும் நாவல். சமையல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தவர்களைச் சுற்றி விழும் சாவுகள்தான் கதை. ஆங்கில வாசகர்கள் ‘கோஸி’ என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது இது. அவ்வகை நாவல்களில் கொலை உண்டு, ஆனால் ரத்தத்தை வர்ணித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். துப்புத் துலக்குபவர் போலீஸ்காரர் அல்லர்; அக்கம்பக்கத்தில் பேசிப் பழகும் சாதாரண ஆள். கொலையாளியும் பெரும்பாலும் அதே அக்கம்பக்கத்தவர்தான். 1930இல் நாவலுக்குள் நுழைந்த அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இந்த வம்சத்துக்கே பாட்டி.

ரிச்சின் நாயகி யூஜீனியா பாட்டர், கணவரை இழந்த, வயதில் மூத்த பெண்மணி. அரிசோனாவில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். தாம் வளர்ந்த அயோவா மாநிலத்துச் சிற்றூருக்குத் திரும்பி வந்திருக்கும்போது, பெயர்பெற்ற சமையல் நிபுணர் ஒருவர் நடத்தும் வகுப்பில் சேர்கிறார். வகுப்பு தொடங்கிய சூட்டோடு சாவுகள். போலீஸ் ஒரு பக்கம் விசாரிக்க, பாட்டர் அம்மாள் தமக்குத் தெரிந்த வழியில் யோசிக்கத் தொடங்குகிறார்: யாருக்கு யார் உறவு, யாருக்கு யார்மேல் பழைய கோபம், யார் என்ன சாப்பிட்டார்கள்.

இந்த நாவலின் பெரிய பலம், என் கணக்கில், கொலை முடிச்சு அல்ல. களத்தைத் தேர்ந்த சாமர்த்தியம். வேறு எங்கும் ஒன்றுகூட வாய்ப்பில்லாத பத்துப் பேரை ஒரே மேசையைச் சுற்றி நிறுத்தி, ஆளுக்கொரு கூர்மையான கத்தியையும் கையில் கொடுக்கும் இடம் சமையல் வகுப்பு. அங்கே எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்து ருசி பார்ப்பார்கள். நேரமும் அங்கே கறாரானது. வெண்ணெயில் மாவைப் போட்டு, பால் ஊற்றிக் கிளறும் வெள்ளை சாஸை எடுத்துக்கொள்வோம்: கை ஓய்ந்தால் கட்டி தட்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் அடிபிடிக்கும். ‘அடுப்பைவிட்டு அசையவே இல்லை’ என்று ஒருவர் சாதித்தால், பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதைக் கவனிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சமைத்துப் பழகிய கண் போதும்.

சமையலையும் கொலையையும் ஒன்றுசேர்த்த முதல் ஆள் ரிச் அல்லர். ரெக்ஸ் ஸ்டௌட்டின் டூ மெனி குக்ஸ் 1938இலேயே வந்தது. அதன் இறுதியில் சமையல் குறிப்புகளும் அச்சாயின. நேன் லையன்ஸ், ஐவன் லையன்ஸ் தம்பதி 1976இல் வந்த தங்கள் நாவலில் ஐரோப்பாவின் பெரிய சமையற்காரர்களை ஒவ்வொருவராகச் சாகடித்துச் சிரிக்க வைத்தார்கள். ஆனால் ஓட்டல் உலகத்துப் பெருமைகளை விட்டு, வீட்டில் சமைக்கும் ஒரு பெண்ணின் அறிவையே துப்பறியும் கருவியாக்கித் தொடராக எழுதியதில் ரிச்சுக்குத் தனி இடம் உண்டு. பிறகு வந்த டயான் மாட் டேவிட்சனின் கேட்டரிங்காரி கோல்டி (1990), ஜோஆன் ஃப்ளூக்கின் பேக்கரிக்காரி ஹானா (2000) இருவரும் இந்த அடுப்பில் கங்கு வாங்கியவர்கள் என்றே சொல்லலாம். ஃப்ளூக்கின் கதைகள் 2015 முதல் தொலைக்காட்சிப் படங்களும் ஆயின.

முதல் நாவல் வந்தபோது ரிச்சுக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மெய்ன் மாநிலத்தைக் களமாகக் கொண்ட தி பேக்ட் பீன் சப்பர் மர்டர்ஸ் 1983இலும், தி நான்டக்கெட் டயட் மர்டர்ஸ் 1985இலும் வெளிவந்தன. அந்த ஆண்டே அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு நான்சி பிக்கர்ட் எழுதிய நான்காம் நாவல் 1993இல் வந்தது. 27 பொருள்கள் சேரும் சில்லி கான் கார்னே அதன் தலைப்பிலேயே இடம்பிடித்தது. பிக்கர்ட் பிறகு மேலும் இரண்டு எழுதினார். பாட்டர் அம்மாளின் கடைசி வழக்கு 2001இல் அச்சேறியது.