ஜன்னலோரக் கட்டில்

யாரையாவது வார்ட்டில் அனுமதித்துவிட்டு வந்தால் எங்கள் ஊரில் முதல் கேள்வி இதுதான்: "ஜன்னலோரக் கட்டில் கிடைச்சதா?" காற்றுக்காகக் கேட்கிறோம். அந்தக் கேள்வியை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார்.

அவர் ரோஜர் உல்ரிச். டாக்டருமில்லை, கட்டடக் கலைஞருமில்லை. புவியியல் படித்தவர் (எங்கள் புவியியல் ஆசிரியர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்). அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் 1972 முதல் 1981 வரையான பதிவேடுகளைக் கிளறினார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் வயது, பால் போன்றவை ஒத்த 23 சோடிகளைத் தெரிந்தெடுத்தார். ஒவ்வொரு சோடியிலும் ஒருவரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு போனார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள். கடுமையான வலிமருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். 46 பேர் என்பது சின்னக் கணக்குத்தான். ஆனாலும் கட்டடம் நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதை அளந்து, அதன்படி ஆஸ்பத்திரி கட்டும் 'சான்றுசார் வடிவமைப்பு' என்ற துறை வளர அது பெரிய காரணமானது.

இதைப் படிப்பிக்கும்போது அர்-ராஸியின் கதையையும் சொல்வோம். பக்தாதின் பல இடங்களில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, கடைசியாகப் பழுதான இடத்தில் ஆஸ்பத்திரி கட்டச் சொன்னாராம். நல்ல கதை. ஆனால் கதை சொல்லும் அதுதீ ஆஸ்பத்திரி திறந்தது 982 அளவில். ராஸி 925 அளவிலேயே மௌத்தாகிவிட்டார். கதையைப் பதிந்த 13ஆம் நூற்றாண்டு இப்னு அபீ உஸைபிஆவே இந்த முரணைக் கவனித்திருக்கிறார். பழைய ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றியதாக இருக்கலாம். எப்படியோ, இடத்தைச் சோதித்துப் பார் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

1859இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும் எழுதியது காற்றையும் வெளிச்சத்தையும்தான். வார்டின் இரு பக்கமும் ஜன்னல் வேண்டும் என்றார். அந்தக் கணக்கில் கடற்கரையை விட நல்ல இடம் எது?

எங்கள் கிண்ணியா ஆஸ்பத்திரியும் கடலோரத்தில்தான் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். காற்று வந்த பக்கத்தாலேயே கடலும் வந்தது. ஆஸ்பத்திரி நொறுங்கியது. காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட ஊருக்குள் இடமில்லை. பாலமும் அப்போது இல்லை, 2009இல்தான் திறந்தார்கள். நகரத்துக்குக் குறுக்குவழி துறையடிப் பாதை மட்டும்தான். பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது.

ஜன்னல் ஆளைச் சுகமாக்குவதை உல்ரிச் அளந்தார். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கடலை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதையும் யாராவது அதே பொறுமையோடு அளந்திருக்க வேண்டும்.

2004க்கு முந்திய அந்த ஆஸ்பத்திரியின் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வார்ட் ஜன்னல்கள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்களில் இரண்டு பேர் சொல்வது ஒத்துவரவில்லை.