கரிசல் காட்டு வேட்டைநாய்கள்

தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரம் குற்றால அருவிகளும் குளத்துப் பாசனமும் கொண்ட பச்சை நிலம். கிழக்கே சங்கரன்கோவில், குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போனால் கரிசல் விரிகிறது. கன்னி, சிப்பிப்பாறை என்னும் வேட்டைநாய்களின் தாயகம் இந்தக் கரிசல்தான். சிப்பிப்பாறை என்ற ஊர் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. 2019 நவம்பரில் வரையப்பட்ட தென்காசி மாவட்ட எல்லைக்குள் இந்நாய்களின் வரலாற்றை அடக்க முடியாது.

பாளையங்களும் பின்னர் ஜமீன்களும் வேட்டைநாய்களை ஆதரித்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்த பிறகும் நாய்கள் மறையாததற்குக் காரணம், சம்சாரிகளும் (விவசாயிகளும்) ஆடு மேய்ப்பவர்களும் அவற்றை வளர்த்து வந்ததே. முயல் பிடிக்கவும், வெள்ளாமையைப் பன்றியிடமிருந்து காக்கவும், ஆட்டுக் கிடைக்குக் காவலாகவும் நாய் வேண்டியிருந்தது. கன்னி நாயை மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததாகவும் சொல்வார்கள்.

இவை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் நாய்கள். முயல் ஓடும் வேகத்திலேயே சட்டென்று திசை மாற்றும். தொடரும் நாயும் அந்தக் கணத்திலேயே திரும்ப வேண்டும். அங்கே ஆளின் ஏவலுக்கு வேலையில்லை. பிடித்ததைக் கிழிக்காமல் வைத்திருப்பதும், கூப்பிட்டால் திரும்பி வருவதும்தான் ஆளுக்குத் தேவை. இரண்டையும் அடித்து வாங்க முடியாது. அடிக்குப் பயந்த நாய், காட்டில் ஆளை விட்டு விலகியே நிற்கும். ஆகவே பழக்குதல் என்பது பெரும்பாலும் கூட இருப்பதுதான். குட்டி வீட்டு முற்றத்தில் பிள்ளைகளோடும் ஆடுகளோடும் வளர்ந்தது. வீட்டுக் கூழும் கஞ்சியுமே அதற்கும் உணவு. ஓடும் வயது வந்ததும் தேர்ந்த நாயோடு சேர்த்து விடுவார்கள், அதைப் பார்த்தே இளசு வேலை படிக்கும். வேட்டைக் கறியில் நாய்க்கும் பங்கு விழும். இதையெல்லாம் கனிவு என்று மட்டும் எழுதிவிட முடியாது: ஓர் ஈற்றுக் குட்டிகள் எல்லாமே வளர்க்கப்பட்டதில்லை, நாய்களின் காதை அறுக்கும் வழக்கமும் தென்மாவட்டங்களில் இருந்தது.

ஐரோப்பாவில் நாயைப் பழக்கிய பாதை வேறு. ஜெர்மனியின் நாய்ப் பயிற்சியாளர் கொன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட கையேடு, வன்மையான கட்டாயத்துக்கும் இடம் தந்து, போலீஸ், ராணுவ நாய்ப் பயிற்சியில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றது. பின்னர் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு நூல், ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான பழக்கமே நாயின் குணத்தை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. கரிசல் முற்றத்துக் குட்டிக்கு அந்த வாரங்கள் ஆள் நடமாட்டத்திலேயே கழிந்தன.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முதலில் கட்டுப்படுத்தி, பின்னர் திருத்தத்தால் தடைசெய்தது. முயலைக் காக்கத் தேவையான சட்டம்தான். ஆனால் நாய்க்கு வேலை போயிற்று. எண்ணிக்கை குறைய, நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் கூடியது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறை நாட்டுநாய் இனப்பெருக்கப் பிரிவை நடத்தியது.

இன்று இந்நாய்கள் நகரத்துக் குடும்பங்களுக்குப் போகின்றன. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்து, சங்கிலியில் கட்டி வளர்க்கப்படும் கன்னி அந்நியரைக் கண்டு மிரள்கிறது, குரைக்கிறது. அதைப் பிடிவாத நாய் என்கிறார்கள். வேலியிட்ட இடத்தில் தினமும் ஓட்டம், நீளக் கயிறு, கூப்பிட்டு வந்ததும் ஒரு துண்டுக் கறி: இவை பலன் தருகின்றன. என்ன பழக்கினாலும், பூனையோ கோழியோ ஓடினால் பின்னால் பாயும் குணம் முற்றாகப் போவதில்லை.