தவலையும் பம்பும் ஹமாமும்

கொதிநீரில் தண்ணீர் கலந்து உடல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவதை விளாவுதல் என்பர். குழாயைத் திருகினாலே பதமான நீர் வரும் இந்நாளில், வெளிமாநிலங்களில் வாழும் நம் வீடுகளில் அச்சொல் அருகிவிட்டது. அதற்குரிய கலங்களும் மறைந்து வருகின்றன. அவற்றைச் சிறிது நினைவுகூர்வோம்.

தமிழ்நாட்டில் கிணறுள்ள வீடுகள் பலவற்றில், கொல்லைப்புறத்தில் வெந்நீருக்கென்று தனி அடுப்பு இருந்தது. அதன்மீது ஏறிய பித்தளைத் தவலை எளிதில் இறங்காது. சமையலுக்கு ஆகாத தென்னை மட்டையும் பாளையும் வேர்க்கடலைத் தோலும் மரத்தூளும் அங்கே எரிந்தன. சாம்பல் பாத்திரம் துலக்க உதவிற்று; குளித்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. எதுவும் வீணாகாத ஏற்பாடு என்று இதனைப் புகழ்வோர் பலர். வீணானது ஒன்று உண்டு; அது பெண்களின் உறக்கம். விடியுமுன் எழுந்து, நீர் இறைத்து, புகையில் கண் கலங்க ஊதுகுழலால் ஊதியவர்கள் அவர்களே. அவர்கள் குளிக்கும் முறை வரும்போது தவலையில் எஞ்சியது பெரும்பாலும் ஆறிய நீர்தான்.

பம்பாய்க்கும் புனாவுக்கும் பிழைக்கச் சென்ற நம்மவர் அங்கே கண்டது 'பம்ப்'. உருண்டு நீண்ட செம்புக் கலம். நடுவே ஒரு குழல். குழலின் அடியில் கரி எரிய, அதனைச் சூழ்ந்த நீர் விரைவில் காய்ந்தது. பக்கத்துக் குழாயைத் திறந்து வேண்டிய அளவு பிடித்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பாய்லரும் இவ்வினத்ததே. கொதிக்கும் தவலையில் மொண்டெடுக்கும் அபாயம் இதனால் நீங்கியது. இதனைச் சிறு பயன் என்று தள்ளிவிட இயலாது.

வடக்கே இத்தகைய கலத்துக்கு ஹமாம் என்று பெயர். அரபு மொழியில் அது குளியல் மாளிகையைக் குறிக்கும் சொல். ஷாஜஹான் எழுப்பி 1648-இல் நிறைவுற்ற டெல்லிச் செங்கோட்டையில், திவானே காஸின் அருகே மூன்று பகுதிகள் கொண்ட ஹமாம் இன்றும் நிற்கிறது. மேற்குப் பகுதியின் சுவரில் நீர் காய்ச்சும் அமைப்பு இருந்தது. காஷ்மீரிலோ, அடியில் விறகெரித்துக் கல்தளத்தைச் சூடாக்கும் அறைக்கே அப்பெயர். பாதுஷாவின் மாளிகைப் பெயர், குமாஸ்தா வீட்டு முற்றத்துச் செம்புக் கலத்துக்கு வந்து சேர்ந்த விந்தையை என்னென்பது! பின்னர் வந்த 'கீசர்' என்பதும் ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றொன்றின் பெயரே.

கர்நாடகத்தில் தீபாவளியை ஒட்டி, நீர் நிரப்புவதற்கென்றே ஒரு திருநாள் உண்டு. 'ஹண்டே' என்னும் வெந்நீர்க் கலத்தைத் துலக்கி அலங்கரித்து, புதுநீர் நிரப்பிப் பூசிப்பார்கள். மறுநாள் விடியலில் அந்நீரில் எண்ணெய் முழுக்கு. நம் தவலைக்கும் தீபாவளிக்கு முன்மாலையில் மஞ்சளும் குங்குமமும் உண்டு. கங்கை அதில் எழுந்தருள்வதாக நம்பினர். அன்றும் முதலில் எழுந்து அடுப்பு மூட்டியவர் வீட்டுப் பெண்களே.